வாசலில் குழி தோண்டியவள்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஒரு பழமொழி. இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அமீனாவைச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அவர் கோர்ட்டு உத்தரவோடு வருவார், பீரோவைத் தூக்குவார், அண்டா குண்டாவைத் தூக்குவார், தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். ஆமை யார் வீட்டில் எதைத் தூக்கியது? தன் முதுகில் இருப்பதையே தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு போகிற பிராணி அது. அதை அமீனாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திய புண்ணியவான் எதிரே வந்தால் கேட்பதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது.

இப்போது அதற்கு வாட்ஸப்பில் புது விளக்கம் ஒன்று சுற்றுகிறது. பெரியவர்கள் சொன்னது இந்த ஆமையை இல்லையாம். கல்லாமை, முயலாமை, பொறாமை, இவற்றையாம். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ படத்தோடு அடிக்கடி எனக்கு இது வந்துவிடும். பழமொழியைக் காப்பாற்ற இத்தனை பேர் துடிக்கிறார்கள், ஆமையைக் காப்பாற்றத்தான் யாரும் வருவதில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியும் ஒருவர் வந்தார். வராமலே இருந்திருக்கலாம்.

நான் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். வீடு வேங்கிக்காலில். வகுப்பு இல்லாத நேரங்களில், கடைசி வீடுகளுக்கு அப்பால் கல்லும் கரடுமாகக் கிடக்கும் புதர்க்காட்டில் ஆமைகளின் பின்னால் அலைவது என் வேலை. கூட வருகிறவள் கீழ்பென்னாத்தூர்க்காரி. ஆராய்ச்சிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். என்னைவிட வேகமாக நடப்பாள், என்னைவிட வேகமாகக் கோபப்படுவாள், என்னை அக்கா என்பாள். வனத்துறையிடம் அனுமதி வாங்கி, சில ஆமைகளின் ஓட்டில் பக்கவாட்டில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கருவியைப் பசை போட்டு ஒட்டியிருந்தோம். அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று வாலாட்டம் நீட்டிக்கொண்டிருக்கும். ஆமை எங்கே போனாலும் கருவி அலை அனுப்பிக்கொண்டே இருக்கும். நாங்கள் ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, ரிசீவரில் டிக் டிக் என்ற சத்தம் எந்தப் பக்கம் பலமாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் போவோம்.

அந்த ஆன்டெனா ஒரு காலத்தில் மொட்டைமாடிகளில் நின்ற டிவி ஆன்டெனா மாதிரியே இருக்கும். அதனால் எங்களுக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. "இன்னாம்மா, இங்க டவர் கெடைக்கலியா?" என்று ஆடு மேய்ப்பவர் கேட்பார். "கேபிள் எப்ப குடுப்பீங்க?" என்று புது வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். ஆமையைத் தேடுகிறோம் என்று உண்மையைச் சொன்னால் ஒருத்தரும் நம்பியதில்லை. இரண்டு பொம்பளைகள் புதையல் தேடுகிறார்கள் என்றுதான் அந்தப் பக்கம் பேச்சு.

நாங்கள் தேடுவது கட்டாமை. ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பிரிந்திருப்பதால் நட்சத்திர ஆமை என்றும் சொல்வார்கள். கிராமங்களில் கட்டாமை என்ற சொல் இன்னும் புழங்குகிறது. டவுனில் அது செத்துவிட்டது. கடலில் இருப்பதும் ஆமை, கிணற்றில் இருப்பதும் ஆமை, கள்ளிப் புதருக்கு அடியில் இருப்பதும் ஆமை. கட்டாமைக்குத் தண்ணீரில் வாழத் தெரியாது. அதன் விரல்களுக்கு நடுவே சவ்வு கிடையாது. யானையின் கால் மாதிரி உருண்டையான கால், நடப்பதற்கென்றே ஆனது. ஆழமான தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரம் காலை அடித்துக்கொள்ளும், பிறகு மூச்சு முட்டிச் செத்துப்போகும். இது ஆராய்ச்சி ரகசியம் இல்லை. காலைத் திருப்பிப் பார்க்கிற யாருக்கும் தெரியும்.

அது வாழும் நிலத்துக்கும் நல்ல சொல் அமையவில்லை. ரெவின்யூ பாஷையில் அது தரிசு. பிளாட் போடுகிறவர்கள் பாஷையில் காலி இடம். எங்களுடையது அண்ணாந்து பார்க்கிற ஊர். மலையைப் பார்க்கும், கோபுரத்தைப் பார்க்கும், கன்னத்தில் போட்டுக்கொள்ளும். குனிந்து தரையைப் பார்க்கிற வழக்கம் கிடையாது. இயற்கையைக் காப்பாற்றுகிறேன் என்று பனியன் போட்டு வருகிறவர்களும் அதே ஜாதிதான். மரம் நின்றால் இயற்கை; நிற்காவிட்டால் ஒரு குழியைத் தோண்டிச் செடியை நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். புல்லும் புதரும் பொட்டலும் கெட்டுப்போன காடு இல்லை, ஆதியிலிருந்தே அப்படி இருக்கிற தனி உலகம் என்று இந்தச் சில வருடங்களாக ஆராய்ச்சிக்காரர்கள் தொண்டை வறளக் கத்துகிறார்கள். கேட்பாரில்லை. எங்கள் புதர்க்காட்டில் காரை, சூரை, ஆவாரை, சப்பாத்திக்கள்ளி எல்லாம் உண்டு. கட்டாமை கள்ளிப்பழம் தின்றுவிட்டு வாயெல்லாம் சிவக்க நிற்கும். தின்ற பழத்தின் விதையை எங்கோ கொண்டுபோய்ப் போடும். அதன் புழுக்கையிலிருந்து முளைத்து வந்த செடிகளை நாங்களே பார்த்திருக்கிறோம்.

இன்னொன்றும் இப்போது ஆராய்ச்சிகளில் தெளிவாகிக்கொண்டு வருகிறது. கட்டாமைக்குச் சொந்த ஊர் உண்டு. எந்தப் புதரில் நிழல், எந்தப் பாறைக் குழியில் மழைத் தண்ணீர், எந்த மண் முட்டைக்கு ஏற்றது என்று தன் வட்டாரத்தை அது அறிந்து வைத்திருக்கிறது. தூக்கிப்போய் வேறு காட்டில் விட்டால் திக்குத் தெரியாமல் அலைகிறது. அலைச்சலிலேயே பல செத்தும் போகின்றன. போதாததற்கு, வடமேற்கே இருக்கும் கட்டாமைகளும் தெற்கே இருப்பவையும் மரபணுவில் வேறு வேறு வம்சம். கடத்தல்காரர்களிடம் பிடிபட்டவற்றை எந்தச் சீமையிலிருந்து வந்தவை என்று பார்க்காமல் கிடைத்த காட்டில் இறக்கிவிட்டு, 'மீட்கப்பட்டன' என்று செய்தி போடுவது பல இடங்களில் நடக்கிறது. அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரிலிருந்து ஒருத்தரைப் பிடித்துப்போய் மொழி தெரியாத ஊரில் இறக்கிவிட்டால் அதற்கு நாம் வேறு சொல் வைத்திருக்கிறோம்.

சரி, கருவி ஒட்டிய ஆமைகளில் ஒருத்தி இருந்தாள், அவளிடம் வருகிறேன். பெயர் எதுவும் வைக்கவில்லை; எங்களுக்குள் அவள் என்றாலே யார் என்று தெரியும். கட்டாமைகளில் ஆணைவிடப் பெண் பெரிது. நாங்கள் பார்த்தவற்றில் இவள்தான் ஆகப் பெரியவள். முட்டை இடும் வயதுப் பெண்கள் எங்கள் கண்ணில் பட்டவரை ரொம்பக் கம்மி, அதனால் இவள்மேல் எங்களுக்கு உயிர். ஐப்பசி மழை பிடித்ததும் புதரை விட்டுக் கிளம்பி, ஊர்ப்பக்கமாக இருந்த ஒரு செம்மண் மேட்டுக்கு வருவாள். முந்தின வருடம் அங்கேதான் பின்னங்காலால் குழி பறித்து, முட்டையிட்டு, மண்ணை இழுத்து மூடி, வயிற்றால் அழுத்தித் தட்டையாக்கிவிட்டுப் போனாள். முட்டைகள் மண்ணுக்குள் இருக்கும்போதே தை மாதம் ஜேசிபி வந்தது. நான் போய் முட்டை இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பிளாட் போட்டவர் வாயெல்லாம் சிரிப்பாக, "ஆம்லெட் போட்டுக்கலாம் மேடம்" என்றார். மேடு தரைமட்டமானது. வர்ணக் கொடி கட்டினார்கள், வெள்ளையடித்த கல் நட்டார்கள், வளைவு வைத்து ஏதோ நகர் என்று எழுதினார்கள். அடுத்த மழைக்குள் அங்கே வீடுகள் எழும்பிவிட்டன.

இந்த ஐப்பசியில் அவள் மறுபடியும் சினையாக இருந்தாள். பின்னங்காலுக்கு முன்னால் இருக்கும் இடுக்கில் விரலை மெதுவாக விட்டுத் தடவினால் முட்டை உருண்டையாகத் தட்டுப்படும். கூட வருகிறவள் தடவிப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்து, "அக்கா, நல்லா இருக்குது. சீக்கிரமே போட்டுடுவா" என்றாள். மேடு இல்லாத ஊரில் எங்கே போடுவாள் என்பதுதான் எங்கள் கவலை. புதருக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் செம்மண்ணைக் கொட்டி வைக்கலாமா என்றுகூட யோசித்தோம். அதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டது.

மழை விட்ட காலையில் போனோம். வழக்கமான இடத்தில் நின்று ஆன்டெனாவைத் திருப்பினால், புதர்ப் பக்கம் ஒன்றுமே இல்லை. எதிர்ப்பக்கம் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்தது. "அக்கா, இது நமக்குப் பின்னாடி அடிக்குது. ஊருக்குள்ள போயிட்டாளா?" என்றாள் கூட வந்தவள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. மேட்டைத் தேடித்தான் போயிருப்பாள். சேற்றில் வழுக்கிக்கொண்டே ஓடினோம். சத்தம் எங்களைப் புது நகரின் வளைவுக்குள் இழுத்துக்கொண்டு போய், மாடியில் இன்னும் சாரம் பிரிக்காத ஒரு வீட்டின் முன் கொண்டுவந்து நிறுத்தியது.

வாசலில் கிரகப்பிரவேசத்து மாவிலை காய்ந்து தொங்கியது. அதற்கு மேலே திருஷ்டி பொம்மை, பக்கத்தில் ஆகாச கருடன் கிழங்கு, அதற்குக் கீழே எலுமிச்சை மிளகாய், கறுப்புக் கயிற்றில் படிகாரம். சின்னதாக ஒரு தொட்டி போலக் கட்டி செம்மண் நிரப்பி, துளசி வைக்கத் தயாராக விட்டிருந்தார்கள். அந்த மண்ணில் ஒரு குழி. பின்னங்காலால் பறித்த குழி. பார்த்ததும் தெரிந்துவிட்டது. பாதியிலேயே நின்றிருந்தது. உள்ளே முட்டை இல்லை.

கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபதுக்குள் இருக்கும். ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு, "கேபிளா?" என்றார்.

"இல்லம்மா. உங்க வீட்டுக்கு ஒரு ஆமை வந்துச்சா?"

அவர் முகம் மாறிவிட்டது. ஒரு அடி பின்னால் போனார். "அத அனுப்புனது நீங்களா? யார் சொல்லி அனுப்புனீங்க?" என்று கேட்டார். நான் ஆமை வளர்த்து வீட்டுக்கு வீடு அனுப்புகிறவள் என்றே அவர் முடிவு கட்டிவிட்டார். உள்ளேயிருந்து அவர் கணவர் வந்தார். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறைய விபூதி, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் தவறாதவர் என்று பிறகு அவரே சொன்னார். நல்ல மனுஷன் என்று பார்த்த உடனே தெரிகிற முகம். நான் கல்லூரி ஆசிரியை என்று சொன்னதும் உட்காரச் சொல்லிவிட்டு, பூஜை அலமாரியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்துவந்தார்.

அவர் கிட்டே வர வர ரிசீவர் அலறியது. முடிச்சை அவிழ்த்தார். உள்ளே எங்கள் கருவி, மேலே குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். கருவியோடு ஓட்டின் சில்லு ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"தகடு மேடம்" என்றார் அவர் தாழ்ந்த குரலில். "யாரோ செய்வினை வெச்சி, ஆமை முதுகுல கட்டி உள்ள அனுப்பிட்டாங்க. நேத்து சாயங்காலம் ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பித்தான் எடுத்தேன். ஜோசியர் வந்து பாக்கறேன்னாரு. அதுவரைக்கும் சாமி அலமாரியில வெச்சிருக்கேன்."

நாங்கள் காலையிலிருந்து துரத்தி வந்தது அவளை இல்லை, இந்த மஞ்சள் துணியை. கூட வந்தவள் அந்த ஓட்டுச் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பெயர்த்தபோது ஆமைக்கு நகத்தைப் பிடுங்கின மாதிரி வலித்திருக்கும்.

அந்த அம்மா அழத் தொடங்கினார். "மக ஜாதகம் எல்லாம் பொருந்தி, பூ வைக்கறதுக்கு நாள் பாத்தாச்சு மேடம். நேத்து மத்தியானம் இந்த ஆமை கேட்டுக்கு அடியில பூந்து வந்துச்சு. வந்தது சும்மா போச்சா? வாசல்ல உக்காந்து காலால குழி தோண்டுது. புது வீட்டு வாசல்ல குழி தோண்டுனா இன்னா அர்த்தம் சொல்லுங்க? சாயங்காலம் மாப்ள வீட்டுல போன் பண்ணி வேணான்னுட்டாங்க."

சம்பந்தம் முறிந்த வலி அவருக்கு நிஜமான வலி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் வயிறும் எரிந்தது. போன வருடம் முட்டையிட்ட அதே இடத்துக்குத்தான் அவள் வந்தாள். அங்கே கேட்டு முளைத்திருந்தது. கேட்டுக்கு அடியில் புகுந்து வந்து, அத்தனை சிமெண்டுக்கு நடுவில் மீந்திருந்த ஒரு கை செம்மண்ணைக் கண்டுபிடித்து, பிள்ளை பெற இடம் செய்துகொண்டிருந்தாள். அதைச் சவக்குழி என்று படித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறியதற்கு அவர்கள் வீட்டு ஆயிரம் கணக்குகள் இருக்கும். பழியைச் சுமக்க ஓடு உள்ள ஒருத்தி அகப்பட்டாள்.

"சார், அது தகடு இல்ல. நாங்க ஒட்டுன மெஷின். அது இருக்கட்டும், ஆமை எங்க?" என்றேன்.

அவர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். "அத ஒண்ணும் பண்ணல மேடம். அடிச்சுப் போடுன்னு கொத்தனார் சொன்னாரு. வாயில்லா ஜீவன், பாவம் இல்லியா? பெருமாளே எடுத்த அவதாரம். தண்ணி இல்லாம ராத்திரி பூரா பக்கெட்டுல தவிச்சிக்கினு இருந்துச்சு. அதான் காலையில முதல் வேலையா கொண்டுபோய் கிரிவலப் பாதையில குளத்துல விட்டுட்டு வந்தேன். சுத்தமான தீர்த்தம்."

நான் ஆன்டெனாவை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கூட வந்தவள் ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தாள்.

அவர் எங்கள் கூடவே தன் ஸ்கூட்டரில் வந்தார். எந்தப் படித்துறை என்று காட்ட வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டேன். ஏதோ தப்பாகிவிட்டது என்று அவருக்கும் தோன்றியிருந்தது. வழியெல்லாம் எனக்கு ஒரே ஆத்திரம். யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அவர்மேலா, ஜோசியர்மேலா, ஆம்லெட்காரர்மேலா, இல்லை எல்லாவற்றுக்கும் ஆமை என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திரிகிற எங்கள் எல்லார்மேலுமா? செங்கம் ரோட்டில் காபிக் கடைகளுக்கு முன்னால் வெள்ளை உடுத்திய வெளிநாட்டுக்காரர்கள் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய நிதானத்தைப் பார்த்தும் கோபம் வந்தது.

குளத்தின் நான்கு பக்கமும் செங்குத்தான கருங்கல் படிகள். மழையில் தண்ணீர் பாதிப் படிகள்வரை ஏறியிருந்தது. ஒரு கட்டாமை தவறி விழுந்தாலும் ஏறி வர வழியே கிடையாது. படித்துறையில் மீனுக்குப் போடப் பொரி விற்கும் பெண் உட்கார்ந்திருந்தார். ஆமையைப் பற்றிக் கேட்டதும் உற்சாகமாகச் சொன்னார்.

"ஆமாம்மா, காலையில இந்த ஐயாதான் வுட்டாரு. சூப்பரா நீச்ச அடிச்சிக்கினு இருந்துச்சு. நாலு காலையும் படபடன்னு அடிச்சுது. எல்லாரும் கைதட்னாங்க. போன்ல வீடியோ எடுத்தாங்க. நான்கூட பொரி போட்டேன், துன்னல. அப்பறம் உள்ள போயிடுச்சு."

கைதட்டியிருக்கிறார்கள். அவள் சாவோடு மல்லுக்கட்டியதைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறார்கள். அந்தக் குளக்கரையில் நின்று நான் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

வடக்கு மூலையில், காய்ந்த மாலைகளும் பிளாஸ்டிக் கவர்களும் ஒதுங்கியிருந்த இடத்தில் அவளைக் கண்டுபிடித்தோம். ஓட்டின் மஞ்சள் கோடு தண்ணீருக்குள் மங்கலாகத் தெரிந்தது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த மனிதர் வேட்டியோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். படிகள் பாசி பிடித்து வழுக்கின. இடுப்பளவு தண்ணீரில் தடுமாறி நின்று அவளை இரண்டு கையாலும் தூக்கினார். தலையும் கால்களும் தொங்கின.

"மயக்கமா இருக்குமா மேடம்?" என்றார்.

கூட வந்தவள் அவளை வாங்கித் தலைகீழாகப் பிடித்தாள். வாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது. முன்னங்கால்களை உள்ளே தள்ளி வெளியே இழுத்து, தள்ளி இழுத்து, மூச்சை வரவழைக்க என்னவெல்லாம் செய்யத் தெரியுமோ அத்தனையும் செய்தாள். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ தேங்காய்த் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். யாரோ விபூதி போடச் சொன்னார்கள். ரொம்ப நேரம் கழித்துத்தான் கூட வந்தவள் கையை நிறுத்தினாள். பின்னங்காலுக்கு முன்னால் இருந்த இடுக்கில் விரலை விட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்படியே இருக்குதுக்கா. ஒண்ணுகூடப் போடல" என்றாள். அப்புறம் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

நான் அழவில்லை. அவரைத்தான் பார்த்தேன். "சார், இது தண்ணி ஆமை இல்ல. தரையில வாழறது. இதுக்கு நீந்தத் தெரியாது. சாகற வரைக்கும் காலடிச்சிருக்கு. வயிறு பூரா முட்டை. உங்க வாசல்ல அது தோண்டுனது முட்டை போடறதுக்கு. நீங்க புண்ணியம்னு நெனச்சு அதக் கொன்னுட்டீங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கூட்டத்தில் ஒருவர், "நல்லது பண்ண வந்த பெரிய மனுஷனப் போய் இப்படிப் பேசலாமாம்மா?" என்று என்னைக் கண்டித்தார். ஊருக்கு எப்போதும் நல்லது பண்ண வந்தவர்தான் முக்கியம். நல்லது யாருக்கு நடந்தது என்று கேட்டால் நாம் மரியாதை தெரியாதவர்கள்.

அவர் என்னோடு சண்டைக்கு வரவில்லை. ஈர வேட்டியோடு நின்று அவளையே பார்த்தார். "வயித்துல முட்டையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். காலைத் திருப்பிக் காட்டினேன். சவ்வு இல்லாத அந்த உருண்டைக் காலைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். "ஆமாங்க. இது நடக்கற காலு" என்றார். இத்தனை வருடத்தில் நான் சொன்னதை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட மாணவர்கள்கூடக் குறைவு. அவர் அந்தக் காலை விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்து எனக்குள் ஏதோ கொஞ்சம் இளகவும் செய்தது. புரிந்துவிட்டது, இனிமேல் இந்தத் தெருவில் ஒரு கட்டாமையாவது பிழைக்கும் என்று நினைத்தேன்.

அவர் கொஞ்சம் தள்ளிப் போய் ஜோசியருக்குப் போன் போட்டார். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல், எதையும் மறைக்காமல் சொன்னார். அந்தப் பக்கத்துக் குரல் யோசித்துப் பேசியது. "சினையா இருந்த ஜீவனாச்சே சார். பெரிய தோஷம். பொண்ணு கல்யாணத்துக்கு நல்லதில்ல. அதுக்கு ஈடா சினையா இருக்கற ஆமை ஒண்ண உயிரோட விட்டாத்தான் கழியும்."

நான் கருவியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். கூட வந்தவள் தன் துப்பட்டாவில் அவளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். உடலை வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் என் எதிரில் வந்து நின்றார். கை கூப்பியிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"மேடம், தெரியாம நடந்துடுச்சு. இந்தத் தடவ தண்ணியில விட மாட்டேன். நீங்க சொல்ற எடத்துல, நீங்க சொல்ற மாதிரி, தரையிலயே விடறேன். உங்க காட்டுல தேடி, முட்டையோட இருக்கறதா ஒண்ணு மட்டும் பாத்துப் பிடிச்சுக் குடுங்க."

கேலிக்குச் சொல்லியிருந்தால் அந்தப் படித்துறையிலேயே சத்தம் போட்டிருப்பேன். அவர் மகளுக்காக, மனசாரத்தான் கேட்டார்.